பூசணத்துக்குக் குடும்பக் கட்டுப்பாடு

எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் கேட்டு வருகிறவர்கள் நல்ல குண்டு வத்தலாகப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். அழுகல் காய் கேட்டு வந்தவள் அந்தக் கண்ணாடிக்காரப் பெண் ஒருத்திதான். ஏதோ காலேஜில் ஆராய்ச்சியாம். ஒவ்வொரு அழுகலையும் பறிக்குமுன், "எடுத்துக்கவாம்மா?" என்று கேட்பாள். என் வீட்டில் எனக்கே அந்த மரியாதை கிடையாது!

அந்த வருஷம் பாதிக் காய் கறுப்புப் புள்ளி விழுந்து செடியிலேயே அழுகியிருந்தது. கண்ணேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

"இது பூசணம்மா. எப்ப வளரணும், எப்ப வித்து விடணும்னு அதோட மரபணுவுல கட்டளை இருக்கு. வித்து விடச் சொல்றது எதுன்னு தேடுறோம். அதை நிறுத்திட்டா பெருகாது."

"அடியாத்தி! பூசணத்துக்குக் குடும்பக் கட்டுப்பாடா?"

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி வரப்பில் விழுந்தது.

வெறும் அழுகலோடு எப்படி அனுப்புவது? நல்ல வத்தலாக ஒரு பை கட்டிக் கொடுத்தேன்.

"இதை விதைக்கு வைங்கம்மா."

"நல்லது சந்தைக்குத் தாயி. புள்ளி விழுந்து வெளுத்த சண்டு வத்தல்தான் விதைக்கு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த விதையிலதாம்மா பூசணம் குடியிருக்கு. நீங்களே வருசாவருசம் விதைக்கிறீங்க."

அந்தப் பை வத்தலையே விதைக்கு வைத்தேன். அடுத்த வருஷம் என் மிளகாய்க்காடு சிவந்து கிடந்தது. அழுகல் அங்கொன்று இங்கொன்றுதான். அந்த மகராசி பூசணத்துக்கு ஆபரேசன் செய்து முடித்தாளோ என்னவோ, பேரைக்கூடக் கேட்கவில்லை. இப்போதும் விதைக்கு முதல் பழம் பறிக்கும்போது, "எடுத்துக்கவா?" என்று செடியிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.