விசேஷம் முடியட்டும்

என் அண்ணன் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது முதலில் தானாகத்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவனை நாலு பேர் அமுக்கி வண்டியில் ஏற்றியதைத்தானே பாரிவாக்கத்தில் எங்கள் தெருவே பார்த்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்கீசோஃப்ரினியா. காதில் குரல்கள். ஒரு நாள் காலையில் குளித்து, இரண்டு லுங்கியையும் சோப்பு டப்பாவையும் பையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றான்.

"சத்தம் தாங்க முடியல நைனா. என்னை ஆஸ்பத்திரில சேத்துடு."

"ஞாயித்துக்கெயம தங்கச்சிக்குப் பூ வெக்க வர்றாங்கடா. விசேஷம் முடியட்டும். மறுநாளே இட்டுகினு போறேன்."

மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்குள் சேதி கசிந்தால் என் கல்யாணம் நின்றுவிடும் என்று அப்பாவுக்குப் பயம். அண்ணன் தலையாட்டிவிட்டுப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அவ்வளவு நல்லவன்.

சனிக்கிழமை அவனை வானகரத்தில் மாமா வீட்டில் விட்டார்கள். மாமாவுக்குப் பாசம் உண்டு, புத்திதான் மட்டு. எங்கே விசேஷத்துக்குக் கிளம்பி வந்துவிடுவானோ என்று அறையை வெளியே தாழிட்டுவிட்டார். நான் புடவை சரசரக்கப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

வீடு திரும்பியவன் வேறு ஆள். உன்னைப் பூட்டிவைப்பார்கள் என்று குரல்கள் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்களே நடத்திக் காட்டிவிட்டோமே! ஆஸ்பத்திரிக்கு அப்பா கூப்பிட்டதற்கு, "பூட்டத்தானே கூப்புடுற?" என்றான். சோற்றில் விஷம் என்றான். அம்மாவைத் தள்ளியதில் அவள் நெற்றி உடைந்தது. அதன் பிறகுதான் அந்த வண்டி. ஆஸ்பத்திரிச் சேர்க்கைத் தாளில் அவனே போடவிருந்த கையெழுத்தை அப்பா போட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு விஷயம் தெரிந்தபோது என் மாமியார், "இதுக்குப் போயா மறைச்சீங்க?" என்று கேட்டதோடு சரி. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அண்ணன் இப்போது மருந்தும் வேலையுமாக இருக்கிறான். போன வாரம் போன் செய்தான்.

"மறுபடி சத்தம் கேக்குதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போணும். இட்டுகினு போறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டான்: "உங்க ஊட்ல விசேஷம் எதுனா கீதா? கீதுன்னா முடியட்டும். நான் பொறுத்துக்கிறேன்."