பெருசு, நடுத்தரம், பொடி

நான் எடுத்த முடிவு ஒன்றைப் பார்த்து ஊரே சிரித்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கடைசியில் சிரித்தது யார் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அடக்கமாகச் சொல்லும் உத்தேசம் எனக்குக் கொஞ்சமும் இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, சென்னையில் ஒரு பொம்மைக் கடையில் வேலை பார்த்தார். அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கோட்டைக்குப்பம் வந்தவர், எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். இரண்டும் ரோபோதான். ஒன்று செய்து முடித்த பொம்மை. முன்பக்கத்துக் கண்ணாடித்தாள் வழியாகவே ஆளைப் பார்க்கலாம். வயிற்றை அமுக்கினால் கண்ணில் சிவப்பு விளக்கு எரியும், டிஷ்யூம் டிஷ்யூம் என்று சத்தம் வரும். இன்னொன்று மூடிய அட்டைப்பெட்டி. அதன்மேல் ஒரு படம். நீலமும் வெள்ளையுமாக, முதுகில் இறக்கையோடு, மலையைத் தாண்டிக் குதிக்கிற ரோபோ. அடேயப்பா, இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

யார் எதை எடுப்பது? எங்கள் ஊரில் இதற்கெல்லாம் அடித்துக்கொள்ள மாட்டோம். கடலை ஒட்டிய எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்பதையே சீட்டுக் குலுக்கி, முறை வைத்துத்தான் தீர்ப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்தவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். மீன் தலை யாருக்கு, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் யாருக்கு, எல்லாவற்றுக்கும் சீட்டு. நைனா, அதாவது எங்கள் அப்பா, இரண்டு தாள் துண்டுகளைத் தோள் துண்டில் போட்டுக் குலுக்கினார். முதல் பாடு எனக்கு விழுந்தது. அண்ணன் முகம் தொங்கிப்போனது. நான் மலை தாண்டுகிறவனைக் காட்டினேன்.

திறந்தால் உள்ளே ரோபோ இல்லை. ஏழெட்டுப் பிளாஸ்டிக் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் துண்டு துண்டாக என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே ஜப்பான் எழுத்தில் ஒரு தாள்.

"இன்னாடி இது, மீன் முள்ளு மாதிரி கீது?" என்றான் அண்ணன். கூடியிருந்த அக்கம்பக்கம் மொத்தமும் சிரித்தது.

ஒவ்வொரு துண்டையும் வெட்டியெடுத்து, எண் பார்த்து நாமே பொருத்த வேண்டும் என்று மாமா விளக்கினார். "வேணான்னா சொல்லு கண்ணு. எதையும் வெட்டாம இருந்தா கடையில மாத்தி எடுத்தாரேன்."

"எனக்கு இதான் வேணும். தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றேன். பச்சைப் பொய். பெட்டிக்குள் இறக்கையோடு ஆள் நிற்பான் என்றுதான் நம்பியிருந்தேன்.

அண்ணன் விடுவானா? "ஞாயித்துக்கெழம மாமா பஸ் ஏறதுக்குள்ள இது எய்ந்து நிக்கணும். நிக்கலன்னா, இனிமே இந்த வூட்டுல சீட்டே கெடையாது. எல்லா மொத பாடும் எனக்குத்தான். இன்னா, ஒத்துக்கிறியா?" எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒத்துக்கொண்டேன். ஆயுள் முழுக்க மீன் வால் தின்பதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிற்று.

மறுநாள் காலை எழுந்ததும் புத்தி வந்தது. மாமாவிடம் ரகசியமாகச் சொல்லிப் பெட்டியை மாற்றிக்கொள்வது என்று தீர்மானித்தேன். மானம் கொஞ்சம் போகும், போகட்டும். பெட்டியைத் தேடிப் பின்கட்டுக்குப் போனேன்.

நைனா கொண்டுவரும் இறாலை வியாபாரிக்குத் தரம் பிரிப்பது அம்மாவின் தினசரி வேலை. பெருசு, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியல். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், பார்வை வேறெங்கோ இருக்கும், விரல்கள் மட்டும் பிரித்துக்கொண்டே இருக்கும். அன்று இறால் வேலை முடிந்து கூடை ஐஸ் கொட்டகைக்குப் போய்விட்டது. அம்மா கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே சாக்கின்மேல் என் ரோபோ மூன்று குவியலாகக் கிடந்தது. பெருசு. நடுத்தரம். பொடி.

"புள்ள கஷ்டப்படுமேன்னு எல்லாத்தியும் பிரிச்சு வெச்சிட்டேன். இன்னா, சரியா கீதா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஐயையோ! நம்பரெல்லாம் அந்த சட்டத்துலதாம்மா இருந்துச்சு!"

அம்மா வாயில் கைவைத்தாள். சட்டங்கள் அதற்குள் நொறுக்கப்பட்டுக் குப்பைக்குப் போயிருந்தன. இனி மாற்றவும் முடியாது, பொருத்தவும் முடியாது. அண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கோயில் பறையின் தாளத்துக்கு ஒரு குத்தாட்டம் போட்டான். நான் தரையில் புரண்டு அழுதேன். ஆமாம், புரண்டுதான்.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "அழுவாத. இறாலு இன்னா நம்பர் போட்டுக்கினா வருது?"

ஊரெல்லாம் கோயிலில் இருக்க, நாங்கள் இருவரும் சாக்கைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் அவளோடு பேசவில்லை. அவள் பொடிக் குவியலைத் துழாவி, இரண்டு துண்டுகளை என் முன்னால் வைத்தாள். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. "எல்லாம் ஜோடி ஜோடியா கீது பாரு. சோத்துக் கை ஒண்ணு, பீச்சாங்கை ஒண்ணு." எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அளவு பார்த்துப் பிரித்ததால் ஜோடிகளெல்லாம் ஒரே குவியலில் கிடந்தன! தாளில் துண்டுகளின் படம் இருந்தது. நான் படத்தைக் காட்ட, அம்மா விரலால் தடவித் துண்டை எடுத்துக் கொடுப்பாள். பேசமாட்டேன் என்ற சபதம் எப்போது காற்றில் போனதென்று தெரியவில்லை. முதல் தடவை முழங்கால் பின்பக்கம் மடங்கியது. கழற்றினோம். தலை இரண்டு முறை கழுத்தை விட்டு ஓடியது. சனிக்கிழமை மாலைக்குள் கைகள், ஞாயிறு மதியத்துக்குள் இறக்கை.

அப்புறம் பார்த்தால் ஒரு கணுக்கால் குறைகிறது. வேர்க்கடலை அளவுத் துண்டு. அது இல்லாமல் ரோபோ நிற்காது. சாக்கை உதறினோம், குப்பையைக் கிளறினோம். மாமா குளித்துவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா திடீரென்று நிமிர்ந்தாள்.

"பொடியோட போயிருக்கும்."

சனிக்கிழமை காலை இறாலுக்குப் பக்கத்திலேயே வைத்துத்தான் ரோபோவையும் வெட்டத் தொடங்கியிருக்கிறாள். திருவிழா என்பதால் லாரி வரவில்லை, இறால் இன்னும் கொட்டகையிலேயே இருந்தது. ஓடினோம். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

"இன்னாம்மா, பெட்டியைக் கெளர்ற?" என்று வியாபாரி கத்தினார்.

"ஒரு நிமிசம் இருண்ணே, ரோபோ கால் உள்ள மாட்டிக்கிச்சு."

அம்மா முழங்கை வரை ஐசுக்குள் கையை விட்டாள். உள்ளே பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் பெட்டிக்குள் நடந்தது. பிறகு அவள் கையை வெளியே எடுத்து விரித்தாள். ஒரு பொடி இறால், ஒரு நீலக் கணுக்கால்.

பஸ் நிறுத்தத்தில் மாமாவைச் சுற்றி வழியனுப்பும் கூட்டம். சிமெண்ட் மேடையில் ரோபோவை வைத்து, கணுக்காலை மாட்டி, கையை எடுத்தேன். கடல் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. ஆடியது. நின்றது. நின்றதோடு விட்டேனா? அதன் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். ஒற்றைக் காலிலும் நின்றது! பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அண்ணன் தன் பொம்மையின் வயிற்றை அமுக்கினான். டிஷ்யூம் டிஷ்யூம். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

"நானே செஞ்சேன்! நானே செஞ்சேன்!" என்று குதித்தேன். மாமா அம்மாவைப் பார்த்தார்.

"ஆமா, அவளேதான்" என்றாள் அம்மா. அவள் கை ஐசில் சிவந்திருந்தது. நானும் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். அன்றிரவு மீன் தலை எனக்கு வந்தது, சீட்டுப் போடாமலேயே.

அதற்குப் பிறகு ஒரு சிறு சிக்கல். வலது கையை உயர்த்தி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனால், வந்து பார்க்கும்போது இடது கை உயர்ந்திருக்கும். ஒரு நாள் உட்கார்ந்திருந்தது. இன்னொரு நாள் இறக்கை முழுவதும் கழற்றி, நான் மாட்டியதைவிட நேராக மாட்டப்பட்டிருந்தது. அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "அம்மன் மேல சத்தியமா நான் தொடலடி" என்று அழாத குறையாகச் சொன்னான். நான் நம்பவில்லை. காலையில் என்னோடு பள்ளிக்குக் கிளம்பி, மாலையில் என்னோடுதான் அவனும் திரும்புகிறான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. "உடுடி, ஒடஞ்சா பூடுச்சு?" என்று தலை நிமிராமல் இறால் பிரித்தபடி அம்மா சொன்னாள். பாவம், சண்டையை விலக்குகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் துப்புத் துலக்குவதற்காக ரோபோவை மோந்துகூடப் பார்த்தேன். கை, கால், இறக்கை, எல்லாவற்றிலும் பச்சை இறால் வாடை. எங்கள் வீட்டில் தலையணைக்கும் அதே வாடைதான். அதனால் அது எனக்கு ஒரு துப்பாகவே படவில்லை. அண்ணனை இன்னொரு தரம் திட்டிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.