நாற்பத்தொரு மில்லிமீட்டர்

தையற்காரர் நூலை அறுக்கக் கத்தரியைத் தேட மாட்டார். பல்லால்தான் கடிப்பார், எப்போதும் வலப்பக்கம். வலது காதுக்கு முன்னாலிருக்கும் தாடை மூட்டு தேய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்றார் டாக்டர். வாயைத் திறந்தால் மணல் அரைபடுவது போலச் சத்தம் வந்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டை தைத்தவர், கையசைவில் பதில் சொல்லத் தொடங்கினார்.

“நாப்பது வருஷமா நான் சொல்லி மூடாத வாய். மூட்டு சொன்னதும் கேட்டுடுச்சு பாருங்க,” என்றாள் மனைவி. அவர் சிரிக்கப் பார்த்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மகள் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் இருந்தாள். தேய்ந்த மூட்டைச் சீராக்க ஊசியால் உள்ளே செலுத்தும் ஸ்டெம் செல்கள் தங்காமல் செத்துப்போவதுதான் அங்கே தீராத தலைவலி. ஜெல்லில் பொதிந்து அனுப்பினால் பிழைக்குமா என்று பன்னிரண்டு பேரிடம் சோதித்தார்கள். அப்பா அதில் ஏழாம் எண்.

மைக்ரோஸ்கோப்பில் அந்தச் செல்கள் வெளிச்சத்தில் மிதக்கும் பஞ்சுபோல அசையாமல் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், அப்பாவின் தாடைக்குள் ஒரு வெள்ளை அறையில் தான் நடப்பதாகவும், காலடியில் சொரசொரப்பான தரை மெல்ல வழுவழுப்பாகி வருவதாகவும் அவளுக்குத் தோன்றும்.

மூன்று மாதம் கழித்து வாய் திறக்கும் அளவை எடுத்தார்கள். மற்றவர்கள் முப்பதைச் சுற்றியே நின்றார்கள். இருபத்து நாலில் இருந்த அப்பா நாற்பத்தொரு மில்லிமீட்டர் திறந்தார்.

“வலி?”

“இல்லவே இல்ல டாக்டர்.”

அடுத்த மாதம், பாதி தைத்த சட்டையின் மேல் தலைவைத்துப் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு.

கடையை ஒழிக்கும்போது, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் நூல் தீர்ந்த மரக்கட்டைகள் கிடைத்தன. சின்னது முதல் பெரியது வரை ஏழெட்டு. எல்லாவற்றிலும் பல் தடம்.

“இது என்னம்மா?”

“தினமும் காலையில வாயில வெச்சுக்குவார். வாரத்துக்கு ஒரு கட்டை பெருசாகும். கண்ணுல தண்ணி கொட்டும். அப்புறம் வலி மாத்திரை. பொண்ணோட மருந்து தோத்துடக் கூடாதாம். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்.”

மறுநாள் மகள் அந்தக் கட்டைகளோடு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏழாம் எண்ண எடுத்துடுங்க.”

“எடுத்தா சராசரி விழுந்துடும்மா. ஜெல்லுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது கஷ்டம்.”

“தெரியும் டாக்டர். ஆனா அந்த அளவு ஜெல்லோடது இல்ல.”

டாக்டர் பட்டியலில் ஏழாம் எண்ணின் மேல் கோடு போட்டார். பேனாவை மூடவில்லை. “ரெண்டும் சேர்ந்துதான் வேலை செஞ்சிருக்குமோ என்னவோ. அடுத்த தடவை வாய் திறக்கிற பயிற்சியையும் சேர்த்து அனுமதி கேட்டுப் பார்க்கலாம். கட்டைய எவ்வளவு நேரம் வெச்சிருப்பார்?”

அவளுக்குத் தெரியவில்லை. ஆய்வகத்திலிருந்து அம்மாவை அழைத்தாள்.

“நேரமா? கடிகாரமெல்லாம் பார்க்க மாட்டார். ஒரு பாட்டு முடியற வரைக்கும்.”

“வாயில கட்டையோட எப்படிப் பாடுவார்?”

“மூக்காலதான். கேக்கச் சகிக்காது.”

“நீ பாடு.”

“இப்பவா?”

“இப்பதான்.”

அம்மா முனகத் தொடங்கினாள். மகள் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். செல்களை வைத்திருக்கும் இன்குபேட்டரின் கண்ணாடியில் பகல் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. பாட்டு நின்றது. மூன்று நிமிடம், பன்னிரண்டு நொடி. குறித்துக்கொண்டாள்.

“போதுமாடி?”

“ஒரு தடவை எடுத்த அளவு செல்லாதும்மா,” என்றாள். “மறுபடி பாடு.”