மேற்பரப்பில் ஏரியூர்

இந்த நாட்டில் உப்பு வாங்க நான் இன்னும் பழகவில்லை. ஜெர்மனியின் எந்த ஸூப்பர்மார்க்ட்டில் நுழைந்தாலும் அயோடின் உப்புக்குப் பக்கத்திலேயே ஃப்ளோரைடு கலந்த உப்பும் அடுக்கியிருக்கிறது. எங்கள் நிலத்தடி நீரிலிருந்து எதை நீக்க முடியாமல் தவிக்கிறோமோ, அதை இங்கே பார்த்து எடுத்துப் போய்ச் சமையலில் சேர்க்கிறார்கள். அவர்கள் செய்வது தவறில்லை. கொஞ்சமாக இருந்தால் மருந்து, மிகுந்தால் நஞ்சு. ஆனாலும் அந்த அடுக்கின் முன் ஒவ்வொரு முறையும் கால் நின்றுவிடுகிறது.

ஏரியூர்ப் பக்கத்துப் பாறைகளில் ஊறிய போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. எங்கள் பள்ளிக் குழுப்படத்தில் பலருக்கும் அதே கோடுகள்தான். அதனால் எல்லோரும் வாய்விட்டே சிரித்திருக்கிறோம். வாயை மூடிச் சிரிக்க இங்கே வந்துதான் கற்றேன். ஆய்வகக் கருவிகளைப் பராமரிக்கும் ஹைக்கே ஒருநாள் அந்த உப்பில் ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்து, “குட் ஃப்யூர் டீ ட்சேனெ” என்றார். பற்களுக்கு நல்லதாம். இது மிகுந்துபோனதால் வந்த கறை என்று விளக்க என் ஜெர்மன் போதவில்லை. “ட்ஸு ஃபீல்”, அதாவது மிக அதிகம், என்று மட்டும் சொன்னேன். பரிசை வாங்கத் தயங்குகிறேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

என் வேலை வினையூக்கிகளின் மேற்பரப்பை ஆராய்வது. தொழிற்சாலைப் புகையிலுள்ள நச்சு ஆவிகளைக் குறைந்த வெப்பத்திலேயே எரித்துவிடும் தூள்கள் அவை. அலுமினியம், சீரியம், குரோமியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகள் கலந்தவை. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகு அறைக்குள் தூளை வைத்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலோடு அவற்றை அனுப்ப, திரையில் முகடுகள் எழுகின்றன. தலைமுடியின் தடிமனில் பதினாயிரத்தில் ஒரு பங்கு ஆழம் வரைதான் அந்தக் கருவிக்குப் பார்வை. அந்த மெல்லிய படலத்தில் காண்பது இன்றும் என்னை வாயடைக்க வைக்கிறது. நாங்கள் நிறுத்துக் கலந்த விகிதம் அங்கே இருப்பதில்லை. உலையின் வெப்பத்தில் ஒரு தனிமம் மேலேறி வருகிறது, இன்னொன்று அமிழ்கிறது. ஒரே உலோகம் உள்ளே ஒரு குணமாகவும் மேலே வேறு குணமாகவும் இருக்கிறது. உலகைச் சந்திப்பதோ அந்த மேற்பரப்பு மட்டுமே.

இந்தத் தூளிலுள்ள அலுமினிய ஆக்ஸைடு, தண்ணீரிலிருக்கும் ஃப்ளோரைடைப் பற்றிக்கொள்ளும். சீரியம் சேர்ந்தால் பிடி இறுகும். ஊரிலிருக்கும் என் அக்கா செல்வியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

“அப்ப ஒரு டப்பா அனுப்பு புள்ள. யாழினிக்கு ஆறு வயசு ஆச்சு, பால்பல்லு ஆடுது. எம்மவ பல்லாவது உன்னாட்டம் ஆவாம இருக்கட்டும்.”

“குழாய்ல ஆத்துத் தண்ணி வருதில்லக்கா?”

“வர்ற அன்னிக்கி வருது. வராத அன்னிக்கி போர் தண்ணிதான். ஆனா நல்லா சுண்டக் காய்ச்சித்தான் குடுக்கறேன்.”

காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. நீர் சுண்டச் சுண்ட அது செறியும். நிலைப்பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுபவை. யாழினியின் பக்கவாட்டுப் பற்கள் இப்போது அந்தத் தண்ணீரைக் கொண்டுதான் உருவாகிக்கொண்டிருந்தன. சுண்டக் காய்ச்ச வேண்டாம், தூளை இங்கே சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விடுமுறைக்குப் போன நண்பர் ஒருவர் எங்கள் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி, துணிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். தூளை அதில் ஊறவைத்து, உலர்த்தி, கருவிக்குள் ஏற்றினேன். முன்பு சமவெளியாக இருந்த இடத்தில் ஃப்ளோரினின் முகடு செங்குத்தாக எழுந்தது. எங்கள் பாறைகளுக்குள் யுகயுகமாகக் கிடந்த ஒன்று, இந்த நாட்டில் சுட்டெடுத்த துகளின் மேல் சில அணுக்கள் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. ஹைக்கேவை அழைத்து, “மைன் டோர்ஃப்”, என் ஊர், என்று காட்டினேன். அவர் திரையையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையைப் பற்றிக்கொண்டார்.

ஆனால் குரோமியத்தின் முகடு மாறியிருந்தது. துகளின் உள்ளே அது நீரில் கரையாத, சாதுவான நிலையில் இருந்தது. மேற்பரப்பிலோ உலைக்காற்றின் ஆக்ஸிஜன் அதை வேறாக்கியிருந்தது: தோல் பதனிடும் ஊர்களின் கிணறுகளைக் கெடுத்த, கரையக்கூடிய நச்சு நிலை. ஊறிய பின் அந்த நச்சின் முகடு தேய்ந்திருந்தது. தூளை ஊறவைத்த நீரைச் சோதித்தேன். காணாமல் போனது அதில் இருந்தது.

“அனுப்ப மாட்டேன்க்கா.”

“என்னாடி, இத்தன வருசமா அங்க கோலமாவா சலிச்சுட்டிருந்த?”

“பல்லக் காப்பாத்தப் போயி புள்ளையக் கெடுத்துரும்க்கா.”

“செரி வுடு. இனி வூட்டுல ஒரு கொடம் ஆத்துத் தண்ணி அவளுக்குன்னே தனியா வெச்சிடறேன், சோறாக்கவும் அதான். அவங்கப்பனுக்கு போர் தண்ணியே போதும். அந்தாளு பல்லுல இனிமே கறை புடிக்க எடமில்ல.”

குரோமியம் சேராத கலவையை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். அதன் மேற்பரப்பையும், அதில் ஊறிய நீரையும் பார்க்காமல் ஒரு கரண்டிகூட அனுப்பப் போவதில்லை.

சென்ற வாரம் அக்கா ஒரு புகைப்படம் அனுப்பினாள். யாழினி வாயை அகலத் திறந்திருக்கிறாள். கீழ் ஈறில் அரிசி முனையளவு புதுப்பல். கூடவே அக்காவின் குரல்: “வெள்ளையா இருக்குதான்னு பாத்துச் சொல்லு. நீதான் படிச்சவ.” அந்தப் பல் ஈறுக்குள் எப்போதோ உருவாகி முடிந்தது என்று தெரிந்தும் விரல்களால் படத்தைப் பெரிதாக்கினேன். படத்தில் தெரிந்த மஞ்சள் நிறம் பல்லினுடையதா, வீட்டு விளக்கினுடையதா என்று தெரியவில்லை. இன்னும் பெரிதாக்கினேன்; படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அடுத்த அறையில், அணுக்களின் மேல்வரிசையைக் காட்டும் கருவி உறுமிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையின் வாயருகே குனிந்து பார்க்க வேண்டிய நான்தான் ஏரியூரில் இல்லை.