ஓடிப்போன குமிழி

பட்டறையில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்றே பெயர். எந்தக் கனத்த இயந்திரம் வந்தாலும் கண்ணாடிக்குள் குமிழி ஓடும் ரசமட்டக் கருவியை வைத்து மட்டம் பார்த்து, நட்டை இறுக்கி உட்கார வைப்பது அவர்தான். இரும்பை நம்புவார், மனிதரை நம்பமாட்டார். பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்கினால்கூட, நடிக்கிறானோ என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

இரும்பைக் கடையும் புது லேத்தை நிறுத்திய அன்று குமிழி நட்டநடுவில் நின்றது; மட்டம் கச்சிதம். அதை ஓட்டப் போகிறவன் மனைவியின் தம்பி. சாயங்காலம் அவன் ரசமட்டப் பெட்டியைத் திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், சந்தேகம் பிடித்துக்கொண்டது. என் பிழைப்புக்கே உலை வைக்கிறானோ? அன்று முதல் ரசமட்டத்தைப் பெட்டியில் வைக்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிந்தார்.

மறுநாள் லேத்தின் மேல் வைத்தார். குமிழி ஓரமாக ஓடியது.

“நட்டைத் தளர்த்தினது யாருடா?”

“நான் ஏன் மாமா தளர்த்தப் போறேன்? அதுல நின்னு வேலை செய்யப் போறது நான்தானே!”

அவர் சரிசெய்யவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? நட்டின் மேலும் அடித்தட்டின் மேலும் சேர்த்துச் சிவப்புப் பெயின்டில் கோடு இழுத்தார்; நட்டைத் திருப்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த நாள் கோடு அப்படியே இருந்தது. குமிழி மட்டும் ஓடியது. திருட்டுப்பயல், கோட்டையும் திரும்பப் போட்டிருக்கிறான்!

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. “நாளைக்கு நானே பார்க்கறேன். மட்டம் இல்லேன்னா உன் மச்சினனுக்கு இங்க வேலை இல்ல.”

வீட்டில் மனைவி தட்டை நங்கென்று வைத்தாள். “அம்மா போனப்புறம் நான் இடுப்புல தூக்கி வளர்த்தவன். அவனைத் துரத்தினா என்னையும் துரத்தினதா வச்சுக்கோங்க.”

முதலாளி வந்தார். இவர் ரசமட்டத்தை எடுத்து லேத்தின் மேல் வைத்தார். குமிழி ஓரத்தில்தான் நின்றது. மச்சினன் தன் பையை எடுத்தான். அந்த நேரம் பார்த்து போன் அடிக்க, முதலாளி வாசலுக்குப் போய்ப் பேசத் தொடங்கினார். ரசமட்டம் லேத்தின் மேலேயே கிடந்தது. யாரும் தொட்டுவிடாமல் இவர் இமைக்காமல் காவல் நின்றார்.

அவர் கண்ணெதிரே, ஒரு கையும் படாமல், குமிழி மெல்ல நகர்ந்தது. நகர்ந்து, நகர்ந்து, நடுவில் வந்து நின்றது.

ரசமட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. கை தானாக அக்குளுக்குப் போனது. அங்கே ஒரே வெக்கை. ஒரு முனையில் மட்டும் உடம்புச் சூடு ஏறினால் குமிழி அந்தப் பக்கம்தான் ஓடும். வேலைக்கு வந்த முதல் வருஷமே கற்ற பாடம்!

“மாப்ளே...” என்று அவன் பக்கம் திரும்பினார். “அன்னிக்குப் பெட்டியை எதுக்குடா திறந்தே?”

“உள்ள இருந்த துணி கிழிஞ்சிருந்துச்சு மாமா. அக்கா புதுசு தைச்சுக் குடுத்தா. அதைப் போட்டேன்.”

பெட்டியைத் திறந்தார். பஞ்சு வைத்துத் தைத்த நீலத் துணி, ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது. கண்ணை நீர் மறைத்தது.

முதலாளி திரும்பி வந்தார். “என்னப்பா, ஆளைப் பிடிச்சியா?”

“பிடிச்சுட்டேன் முதலாளி. நான்தான்.”

ரசமட்டத்தை மச்சினன் கையில் வைத்தார். “நீயே உள்ள வை, மாப்ளே.”