சிவப்பு டேப் ஒட்டிய தட்டு

எங்கள் பல் டாக்டரம்மாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மில்லில் மூட்டை தூக்கியவன், முப்பத்தொரு வருடமாக அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். குறடைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பல்லுக்கு என்று சொல்வேன். படித்தவர்களில் பாதிப் பேருக்கு அது வராது.

டாக்டரம்மா ஒல்லி, பிடி மட்டும் இரும்பு. அவர் கடைவாய்ப் பல்லை அசைத்தால் ஆறடி ஆள் அம்மாவைக் கூப்பிடுவான்.

ஒருநாள் பக்கத்துத் தெரு வெல்டர் வந்தான். நாக்கு முழுக்கத் தயிர் அப்பிய மாதிரி வெள்ளை. டாக்டரம்மா பஞ்சால் வழித்தார். அடியில் சிவந்து ரத்தம் கசிந்தது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, இது வெறும் வாய்ப்புண்ணாத் தெரியல. ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடு. எதுவா இருந்தாலும் மாத்திரை இருக்கு."

பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. என்றார்கள். மாத்திரை தொடங்கினான், ஆறு மாதத்தில் ஒட்டிய கன்னம் நிரம்பிவிட்டது. விஷயம் எங்கள் மூவரைத் தாண்டவில்லை.

டாக்டரம்மாவுக்கு ஒரே சட்டம். "யாருக்கு என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுண்ணே. எல்லாருக்கும் இருக்குன்னு நினைச்சே கழுவுங்க." எல்லா ஆயுதமும் ஒரே கழுவல், ஒரே நீராவி. நான் கேட்டேனா? என் மூளை கூடுதலாக ஓடும் மூளை. வெல்டருக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி, சிவப்பு டேப் ஒட்டித் தனியாக வைத்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்து வெல்டர் வந்தபோது நான் அதை எடுக்க, காத்திருந்த டயர் கடைக்காரன் கண்ணில் அது பட்டது.

"என்னய்யா, அவனுக்கு மட்டும் தனித் தட்டு?"

நான் அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினேன். வெல்டர் மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக்குப் போவது அவனுக்குத் தெரியும், மீதியை என் முகம் கொட்டிவிட்டது.

அடுத்த முறை சொத்தைப் பல்லைப் பிடுங்க வெல்டர் வந்து உட்கார்ந்ததும் ஏழு பேர் நுழைந்தார்கள். இரும்புக் கம்பி கண்ணாடிக் கதவில் இறங்கியது.

"இவன் வாயில வச்சதை எங்க வாயிலயும் வச்சியா?" என்று டயர் கடைக்காரன் கத்திக்கொண்டே வெல்டரை இழுத்துத் தரையில் போட்டு முகத்தில் மிதித்தான். உதடு கிழிந்து தொங்கியது. நான் ஸ்டூலைத் தூக்கி மிதித்தவன் தோளில் இறக்கினேன். மூட்டை தூக்கிய கையாச்சே, எலும்பு முறிந்தது காதில் கேட்டது. பதிலுக்கு என் முன்பல் இரண்டு போயின. பல் ஆஸ்பத்திரியிலேயே பல்லைப் பறிகொடுத்த ஊழியன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாற்காலியைப் புரட்டி அதன் காலை உடைத்தார்கள். டாக்டரம்மா வெல்டர்மேல் விழுந்து மறைத்தார். அவர் முதுகிலும் கம்பி விழுந்தது.

"டேய், அவன் ரத்தம்டா! தொடாதீங்க!" என்று எவனோ அலறினான். அத்தனை வீரர்களும் ஓட்டமெடுத்தார்கள்.

டாக்டரம்மா எழுந்தார், கையுறை மாட்டினார், தரையிலேயே உட்கார்ந்து உதட்டைத் தைத்தார். கண்ணாடி கிழித்த என் உள்ளங்கையில் வெல்டரின் ரத்தம்.

"அண்ணே, குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவுங்க. காயத்தை அமுக்காதீங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போய் தொத்தாம இருக்கறதுக்கு மாத்திரை கேளுங்க. அவன் ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறான், பயம் குறைவுதான். ஆனாலும் விடக்கூடாது."

போகுமுன் டேப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"அவனை அடிச்சது கம்பி இல்லண்ணே. உங்க டேப்பு."

இரண்டு பல் போனபோது இப்படி வலிக்கவில்லை.

இருபத்தெட்டு நாள் மாத்திரை விழுங்கினேன். அப்புறம் வெல்டர் பட்டறைக்குப் போனேன். அந்தச் சொத்தைப் பல் இன்னும் வாயில்தான் இருந்தது, தாடை வீங்கியிருந்தது.

"போய்யா! பல்லு அழுகினா அழுகட்டும். அந்தப் படி இனி ஏற மாட்டேன்."

"உன் தட்டுல டேப்பு ஒட்டினவன் நான். தப்பு என்னுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றேன். எழுபது வயதில் அந்த வார்த்தை முதல் தடவையாக என் வாயில் வந்தது. "நாற்காலிக் கால் உடைஞ்சே கிடக்கு."

"ஊர்ல வேற வெல்டரா இல்ல?"

"இருக்கான். ரெண்டு தடவை ஒட்டினான். நிக்கல."

வெல்டிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டு என்கூட வந்தான்.

மாலைக்குள் நாற்காலி நின்றது. டாக்டரம்மா அதைத் தட்டிப் பார்த்தார். "ஏறி உக்காரு தம்பி. தாங்குதான்னு நீயே சொல்லு."

நாற்காலிக் காலை ஒருமுறை உதைத்துப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். அடுக்கின் மேலே எது இருந்ததோ அந்தத் தட்டை எடுத்து நீட்டினேன். ஓரத்தில் டேப் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு அவன் வாயைத் திறந்தான்.