குருவம்மாளுக்கும் கோமதிக்கும் நடுவே

காலை ஒன்பதரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குழல்வாய்மொழியின் சைக்கிள் செயின் கழன்றுவிடும். தினமும் ஒரே இடத்தில்தான் கழலும். ரோட்டோரப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி, பத்தாம் வகுப்பு ஜன்னலுக்கு நேராக. இறங்கி, குத்தவைத்து உட்கார்ந்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த செயினைத் தானே கழற்றி, தானே மாட்டுவாள். மாட்டி முடிப்பதற்குள் உள்ளே டீச்சர் பெயர் கூப்பிட ஆரம்பித்திருப்பார்.

"அனுசியா."

"உள்ளேன் டீச்சர்."

பெயர்கள் அகர வரிசையில் வரும். "குருவம்மாள்." "உள்ளேன் டீச்சர்." "கோமதி." "உள்ளேன் டீச்சர்." குருவம்மாளுக்கும் கோமதிக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கிறது. போன வருஷம் பாதி வரைக்கும் அந்த இடம் இவளுடையது. கோமதியின் குரல் கேட்டதும் செயின் சரியாகிவிடும். கிரீஸ் கையைச் சுவரில் துடைத்துவிட்டு மேலகரத்தைப் பார்த்து மிதிப்பாள். அந்தச் சுவரில் ஓரிடம் கறுத்தே போய்விட்டது.

பதினைந்து முடிந்து பதினாறு நடக்கிறது. சீருடை போடச் சொல்ல ஆளில்லாதபோதும் இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டாமல் வாசற்படி இறங்கமாட்டாள். அம்மா பிச்சம்மாளுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. சீசனில் மங்குஸ்தான், ரம்புத்தான். கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிகள் வரத் தொடங்கினால் நேந்திரங்காய்ச் சிப்ஸ். மங்குஸ்தானின் அடியில் பூப்போல ஒரு அடையாளம் இருக்கும். குழல்வாய்மொழி அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "இதுல ஆறு சொள இருக்கு, ஒடச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்பாள். உடைத்தால் ஆறுதான் இருக்கும். ஒருமுறை காதில் வாங்கிய பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். தாளும் பேனாவும் வந்தால்தான் வினை. எழுத்துகள் அவளுக்கு நின்ற இடத்தில் நிற்காது.

போதாக்குறைக்கு அந்தப் பெயர். குற்றாலத்து அம்மனை வேண்டிப் பெற்ற பிள்ளை என்று பிச்சம்மாள் அம்மன் பெயரையே வைத்துவிட்டாள். கூப்பிடுவதென்னவோ "ஏட்டி கொளலு" என்றுதான். அந்த ஊர் நாக்குக்கு 'ழ' அவ்வளவாக வராது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். எழுத்து கைகொடுக்காத பிள்ளை காதை நம்பியது. வீட்டில் கேட்டபடியே எழுதியது: கொளவாமொளி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவள் பெயர் 'கொளவி' ஆகிவிட்டது. கொளவி வருது, கொட்டிரும், ஓடு. ஒரு மாதம் பொறுத்தாள். அப்புறம் போகவில்லை. சில மாதங்கள் கழித்துப் பதிவேட்டிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவள் போவது மேலகரத்தில் ஒரு தையற்கடையின் மேல்மாடிக்கு. பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாத பிள்ளைகள் பதினோரு பேரை வைத்து மாஜிதா நடத்துகிற இடம். பெயர்ப்பலகை கிடையாது, எல்லாருக்கும் அது 'மாடி'. மணி அடிக்காது. சீசன் மாதங்களில் வகுப்பு சாயங்காலத்துக்கு மாறிவிடும். சுபாஷ் நடந்துகொண்டேதான் படிப்பான். ஃபாயிஸாவுக்கு மேஜைக்கு அடியில் உட்கார்ந்தால்தான் கணக்கு வரும். குழல்வாய்மொழிக்கு மாஜிதா பாடங்களைப் பேசிப் பதிந்து கொடுப்பாள். தென்காசியில் டாக்டரிடம் கூட்டிப்போய், அவள் மக்கு இல்லை, எழுத்துதான் அவளுக்குச் சிரமம் என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததும் மாஜிதாதான். அந்தத் தாள் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு. அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் உண்டு.

மாடியில் ஒன்றே ஒன்றுதான் குறை.

"அக்கா, இங்கன ஏன் பேரு கூப்பிட மாட்டேங்கீங்க?"

"பேரச் சொன்னாலே அடி விழுமோன்னு நடுங்குத பிள்ளைகதான இங்கன வருதீங்க. அதுக்குத்தான் அந்தப் பழக்கமே வேண்டாம்னு விட்டேன்."

நியாயமான பதில். குழல்வாய்மொழி தலையை ஆட்டிக்கொண்டாள். கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்ளவும் இல்லை. எந்த இடம் அவளைக் கண்ணீரோடு அனுப்பியதோ அந்த இடத்துக்காகத்தான் மனசு கிடந்து ஏங்குகிறது. கேலி செய்த பிள்ளைகள் மேல் கோபம் உண்டு. ஆனாலும் அந்த வரிசை வேண்டும்; தன் பெயரை ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்; இருக்கிறேன் என்று தான் பதில் சொல்ல வேண்டும். இதை எந்தச் சான்றிதழில் எழுதுவது?

இந்தக் கார்த்திகையில் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுத விண்ணப்பம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். மற்றதையெல்லாம் மாஜிதா நிரப்பிவிட்டாள். கையெழுத்தை மட்டும் பிள்ளைதான் போட வேண்டும். இங்கே போடுவதையே பரீட்சை அறையிலும் போட வேண்டும். சொல்வதை எழுத ஆள் தருவார்கள், கையெழுத்துப் போட ஆள் தரமாட்டார்கள்.

"குழலின்னு மூணு எழுத்து போடு, போதும்" என்றாள் மாஜிதா.

"அது நான் இல்லக்கா. அரப் பேர எழுதுனா அரப் பிள்ளதான் பாசாகும்."

அதற்கு மேல் அவளை அசைக்க முடியவில்லை. நான்கு நாள் சிப்ஸ் பொட்டலம் கட்டுகிற தாள் முழுக்க அவள் பெயர்தான். ஏழெழுத்துப் பெயரில் 'ழ' இரண்டு தடவை வந்து தொலைக்கிறதே என்று பிச்சம்மாள் அம்மனிடமே குறைப்பட்டுக்கொண்டாள். 'ழ'வுக்குக் குழல்வாய்மொழி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். "'ம'வுக்கு ரிப்பன் கட்டி விட்டா 'ழ'." அன்றிலிருந்து எழுதும்போது இடது கை பின்னலைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிச்சம்மாள் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடியேறி வந்தாள். கையில் தேங்காயெண்ணெய் வாசம்.

"ஏட்டி, பெருவிரல உருட்டி வச்சிட்டு எந்திரியேன். ஆபீசப் பூட்டிருவான்."

"சும்மா இரும்மா."

சுபாஷ் நடப்பதை நிறுத்தினான். மேஜைக்கு அடியிலிருந்து ஃபாயிஸா தலையை நீட்டினாள். கு. அடுத்து ழ; 'ம' போட்டு, பின்னலைப் பார்த்துவிட்டு ரிப்பனைக் கீழே இழுத்துவிட்டாள். 'ல்'லில் கொஞ்சம் நின்றாள். 'வாய்' எழுதி முடிக்கும்போது நெற்றியில் வேர்த்திருந்தது. கட்டத்தில் இடம் தீர்ந்துபோனது. கடைசி 'ழி' கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றது. ஆனால் ஏழும் இருந்தன, வரிசையாக இருந்தன.

மாஜிதா தாளை எடுத்து, வாய்க்குள்ளேயே ஒருமுறை படித்தாள். "இதே மாதிரி அங்கயும் போட்டுருவியா?"

"போட்டுருவேன்க்கா. கட்டம் மட்டும் கொஞ்சம் பெருசாத் தரச் சொல்லுங்க."

பிச்சம்மாளுக்கு வாசிக்கத் தெரியும். மகள் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் தடவையாக 'ழ'வைச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, கெளம்பு கொளலு" என்றாள். விண்ணப்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் குழல்வாய்மொழி அதே சுவரோரம் இறங்கினாள். செயினில் கை வைக்கவில்லை. குத்தவைக்கவும் இல்லை. சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, ஜன்னல் தெரிகிற மாதிரி நேராக நின்றாள். உள்ளே அனுசியாவின் பெயர் வந்தது. பின்னால் சில பெயர்கள் வந்தன.

"குருவம்மாள்."

"உள்ளேன் டீச்சர்."

அந்த ஒரு மூச்சு நேரத்தில், கிரீஸ் படாத வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தினாள். கோமதி பதில் சொன்ன பிறகுதான் இறக்கினாள்.